கரன்ட் போனால், சர்வர் போனால், ஓட்டு மேல் நம்பிக்கை போனால்

பழங்காநத்தம் தாண்டி திருப்பரங்குன்றம் சாலையில் பஸ் போகும்போது, பசுமலைக்கு முன்னால் கண்டக்டர் "பைக்காரா எறங்கு" என்று குரல் கொடுப்பார். வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பைக்காரா நீலகிரியில் ஓடுகிற ஆறு. அதற்கு மதுரையில் என்ன வேலை? 1932-ல் அந்த ஆற்றில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கம்பி வழியாக வந்த மின்சாரம் இறங்கிய இடம் இது, அதனால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். மல்லிகைக்கும் மண்டபத்துக்கும் பேர்போன ஊரில் ஒரு பேட்டை மட்டும் கரன்டின் பெயரில் இருக்கிறது.

சைபர் பாதுகாப்பு, எரிசக்திப் பாதுகாப்பு, தேர்தல் சீர்திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, "தேசத்தின் மீள்திறன்" என்று பேசுவது இப்போது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. மீள்திறன் என்ற சொல் தலையங்கங்களைத் தாண்டி வெளியே வரவில்லை. மதுரையில் கேட்பது "தாக்குப்பிடிக்குமா?" என்றுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்கும் அதே கேள்வி. அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அடி விழாமல் தடுக்க முடியுமா என்பது ஒன்று. விழுந்துவிட்டால் எவ்வளவு நேரத்தில் எழுவோம் என்பது இன்னொன்று. அரசாங்கங்கள் முதல் கேள்விக்குத்தான் காசு இறைக்கும், அதில் ரிப்பன் வெட்ட ஏதாவது இருக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வேண்டியது, கையால் வேலை செய்யத் தெரிந்த ஓர் ஆளும், கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கரன்டிலிருந்து தொடங்கலாம், நாம் அதிகம் பட்டது அதில்தான்.

2012-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். இரவில் கொசுவும் புழுக்கமுமாக மாடியில் படுத்துக் கிடந்தோம். செல்லூரில் தறிகள் பாதி நெய்த சேலையோடு நின்றன. கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன பட்டறைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டருக்கே லாபத்தைக் கொட்டினார்கள். நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வெட்டு. சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். அந்தக் கணக்கை மதுரைக்காரன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான், அதில் தப்பில்லை.

காரணம் ஒன்றிரண்டு அல்ல. தேவை ஏறிக்கொண்டே போனது, புதிய நிலையங்கள் இழுத்துக்கொண்டே போயின. கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்பில் சேர்ந்தது. தேனிப் பக்கமும் ஆரல்வாய்மொழியிலும் ஆடிக் காற்று அடிக்கும்வரை காற்றாலை கைகொடுக்கும், ஐப்பசி வந்தால் கைவிரிக்கும். வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால், கொண்டுவரக் கம்பி போதவில்லை. அன்றைக்குத் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு தனித் தீவு மாதிரி இருந்தது.

அதே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா மொத்தமாக இருண்டது. இரண்டாம் நாள் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 62 கோடிப் பேர். ரயில்கள் நடுவழியில் நின்றன, சுரங்கத்துக்குள் தொழிலாளிகள் மாட்டிக்கொண்டார்கள். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய தொகுப்போடு ஒரே துடிப்பில் நாம் இணைந்திருக்கவில்லை என்பதுதான் காரணம். எந்தத் தனிமையால் நமக்கு வெளியிலிருந்து கரன்ட் வரவில்லையோ, அதே தனிமை நம்மைக் காப்பாற்றியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்ததும் அந்தத் தனிமை முடிந்தது. பிறகு 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் தடமும் சேர்ந்தது. இப்போது உதவியும் வரும், ஆபத்தும் வரும்.

ஒரே துடிப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் மாசி வீதித் தேரைக் காட்டுவேன். ஆயிரம் கை ஒரே வடத்தைப் பிடித்து, ஒரே வேகத்தில் இழுத்தால் தேர் நகரும். பாதிப் பேர் கைவிட்டால் மீதிப் பேருக்குச் சுமை கூடும், வேகம் குறையும், அவர்களும் சோர்ந்து விடுவார்கள். மின்தொகுப்பில் அந்த வேகம் விநாடிக்கு 50 சுற்று. 49.9-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றால் துடிப்பு சரியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் சில பகுதிகளுக்கான கரன்டை ரிலேக்கள் தாமாகவே வெட்டிவிடும். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார்களே, அது மாதிரி. முட்டுக்கட்டை என்றால் பேச்சில் நமக்குக் கெட்ட வார்த்தை. தேருக்கு அதுதான் உயிர்.

கட்டை போட்டும் நிற்காமல் எல்லாமே விழுந்துவிட்டால்? எங்கள் தெருவில் ஈபியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் கரன்ட் இல்லாமல் நின்ற செய்தியை டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, செத்த கிரிட்டை எழுப்புறது, பேட்டரி டவுனான வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ற மாதிரி. மொதத் தள்ளு எவனாவது தள்ளணும். தெர்மல் எந்திரிக்கவே அதுக்குக் கரன்ட் வேணும். பம்பு, மில்லு, ஃபேன் எல்லாம் ஓடணும்ல? தண்ணி மட்டுந்தான் கதவத் தொறந்தாச் சுத்தும்."

சரியாகச் சொன்னார். ஸ்பெயினும் நீர்மின் நிலையங்களை வைத்தும், பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கைமாற்றாக வாங்கிய மின்சாரத்தை வைத்தும்தான் எழுந்தது. நமக்கும் பெரியாறு அணையின் தண்ணீர் மலையிறங்கும் லோயர் கேம்ப்பில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர்தான் பிறகு நம் வயலுக்கு வருகிறது. மேலூர்க் கால்வாயில் கால் நனைக்கிற யாரும் அந்தத் தண்ணீர் வழியில் ஒரு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைப்பதில்லை. ஆனைமலையில் கடம்பாறை இருக்கிறது, 1987-லிருந்து. கரன்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே இறக்கும் 400 மெகாவாட் நிலையம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதோடு வைத்துப் பார்த்தால் 400 என்பது சுண்டைக்காய். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016-ல் திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். ஆனால் சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும், அப்போதுதான் நாம் வீட்டுக்கு வந்து ஏசியைப் போடுகிறோம். பகல் வெளிச்சத்தை இரவுக்கு எடுத்துவைக்கும் இடம்தான் இனி எரிசக்திப் பாதுகாப்பு. இன்னும் நாலைந்து கடம்பாறை வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான பேட்டரிகள்.

சமையல் எரிவாயுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நிலைமை அவ்வளவு வெளிப்படை. நாடு எரிக்கும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பலில் வருகிறது. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாடூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன் சேமிக்க இடம் செய்திருக்கிறோம். நிரப்பி வைத்தாலும் நாட்டுக்கு ஒன்பது, பத்து நாளுக்குத்தான் வரும். ராத்திரி இரண்டு மணிக்கும் கொத்துப் பரோட்டா கேட்கும் ஊர், நடுக்கடலில் ஒரு குறுகலான வழியை நம்பியிருக்கிறது.

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவிகள், அதாவது ஹேக்கர்கள், புகுந்தார்கள். நுழைந்த வழி, மின்னஞ்சலில் வந்த ஒரு வேர்டு கோப்பு. ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கராக அணைத்தது. ஏறக்குறைய 2,25,000 இணைப்புகள் இருண்டன. மக்கள் புகார் சொல்ல முடியாதபடி கால் சென்டருக்கும் போலி அழைப்புகளாகக் கொட்டினார்கள். ஃபியூஸ் போனால் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போன நமக்கு அந்தக் கடைசிக் குறும்பு நன்றாகப் புரியும். ஆனால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் கரன்ட் திரும்பிவிட்டது. எப்படி? ஊழியர்கள் ஜீப்பில் ஏறித் துணைமின் நிலையங்களுக்குப் போய், பிரேக்கரைக் கையால் போட்டார்கள். அங்கே எல்லாமே இன்னும் முழுசாகத் தானியங்கி ஆகியிருக்கவில்லை. பழைய லீவர் இருந்தது, அதை இழுக்கத் தெரிந்த ஆளும் இருந்தார்.

நம் பக்கத்தில் 2019 செப்டம்பரில் கூடங்குளத்தில் ஒரு கணினியில் தீநிரல், அதாவது வைரஸ் மாதிரியான கெட்ட நிரல், இருப்பது தெரியவந்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது, உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது என்றார்கள். முதல் நாள் "வாய்ப்பே இல்லை" என்று மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தல். தீநிரலை ஒரு மதிய வேளையில் துடைத்துவிடலாம். மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டால், அடுத்த முறை உண்மையையே சொன்னாலும் ஆள் நம்ப மாட்டான். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை இருண்டபோதும் இதே கதைதான். மாநில அரசு சைபர் தாக்குதல் என்றது, மத்திய மின்துறை அமைச்சர் மனிதத் தவறு என்றார். இரண்டில் எது என்று ஊருக்குச் சொல்லத் தெரியாத நாடு எப்படித் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்?

சட்டம் இருக்கிறது. 2004-லிருந்து செயல்படும், கணினி ஊடுருவல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு, ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. மின்துறைக்கென்று 2021-லேயே தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வந்த அதே 2022-ன் நவம்பரில்தான் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை முடக்கினார்கள். நாட்டின் முதன்மை மருத்துவமனை வாரக் கணக்கில் பேனாவும் பேப்பருமாக ஓடியது. நான் இதை அவமானமாகப் பார்க்கவில்லை. ஓடியதே, அதுதான் செய்தி. கையால் சீட்டு எழுதி, கையால் ரத்தப் பரிசோதனை முடிவு கொடுக்க அங்கே இன்னும் ஆள் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து இருப்பார்களா?

இந்தச் சந்தேகம் எனக்கு ஒரு ரேஷன் கடை வரிசையில் வந்தது. "சர்வர் வரலைம்மா" என்று விற்பனையாளர் கையை விரித்தார். அரிசி மூட்டை கண்ணுக்கு எதிரே அடுக்கியிருக்கிறது, தராசு இருக்கிறது, கார்டு கையில் இருக்கிறது, விற்பனையாளருக்கு வரிசையில் நிற்கிற எல்லோரையும் பேர் சொல்லித் தெரியும். பாட்டிகள் முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து ரேகை வைத்துப் பார்த்தார்கள். முன்பு ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்கும், அதில் எழுதி, பில் கிழித்துக் கொடுத்து அனுப்புவார்கள். திருட்டும் அதில்தான் நடந்தது என்பது உண்மை, மெஷின் வந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின் படுத்தால் என்ன செய்வது என்பதற்கு "அப்பறம் வாங்க" தவிர வேறு பதில் வைக்காமல் ரிஜிஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டோம். கூரை மேல் சோலார் போட்ட வீடுகளிலும் இதேதான் வரப்போகிறது. இன்வெர்ட்டர் எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடு பேசி, நம் போனில் கணக்குக் காட்டுகிறது. ஒரு வீட்டில் அது விளையாட்டுச் சாமான், ஒரு லட்சம் வீட்டில் அதுவே மின் நிலையம். வெளியிலிருந்து ஒரே நேரத்தில் அத்தனையையும் அணைக்க முடியுமா என்பதை விற்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது ஓட்டு. கரன்டையும் சர்வரையும் பார்த்துவிட்டு வந்தால், வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒரு குணம் பளிச்சென்று தெரியும். அதற்கு ஈபி கரன்ட் தேவையில்லை, பேட்டரியில் ஓடுகிறது. இணையமும் தேவையில்லை. ஊரே இருண்டு, டவர் எல்லாம் விழுந்தாலும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது ஓட்டு வாங்கும். 1982-ல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் அந்தத் தேர்தலை ரத்து செய்த பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் காகிதச் சான்று, அதாவது விவிபாட், பின்னால் வந்தது. அதற்கு வழக்குப் போட்டு 2013 அக்டோபர் 8 அன்று தீர்ப்பு வாங்கியவர் சுப்பிரமணியன் சுவாமி. 1998-ல் மதுரை எம்பியாக இருந்தவரே அவர். மனிதரின் அரசியல் பற்றி இந்த ஊரில் இரண்டு கருத்து உண்டு, அந்த வழக்கைப் பற்றி ஒன்றுதான். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கட்டணம் கட்டி ஐந்து சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்று ஒரு வழி மட்டும் விட்டது.

இயந்திரத்தைப் பற்றிச் சண்டை போடுகிற பலரும் சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி என்ற காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு தேர்தலில் நான் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, சீல் வைப்பார்கள். பிறகு நாள் முழுக்க மைவாசனை. மாலையில் குளோஸ் பட்டனை அழுத்தியதும் மொத்த எண் தெரியும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே அந்த எண்ணையும், இயந்திரத்தின் வரிசை எண்ணையும், சீல் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நகல் கொடுத்தார். எதிர்க்கட்சி ஏஜென்டும் நானும் ஒரே பெஞ்சில் அமர்ந்து எண்ணைச் சரிபார்த்தோம். "மாமா, உங்கள்தும் அதானே?" என்றான் அவன். எண்ணும் நாளில் அந்தப் பெட்டி வரும்போது, இந்தக் காகிதத்து எண்ணும் அந்தப் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த ஊடுருவியாலும் என் சட்டைப் பையில் இருந்த அந்தக் காகிதத்தைத் திருத்த முடியாது. இவ்வளவு மலிவான சைபர் பாதுகாப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த நகலைக் கேட்டு வாங்காமல் பிரியாணிப் பொட்டலத்தோடு போய்விடும் ஏஜென்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் சரியாக இருந்தும் நம்பிக்கை உடையும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2019 ஏப்ரல் 18 அன்று இங்கே வாக்குப்பதிவு. சித்திரைத் திருவிழாவும் அன்றே என்பதால் இரவு எட்டு மணிவரை நேரம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, மருத்துவக் கல்லூரியில் தேர்தல் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் தாசில்தார் நிலையிலுள்ள ஓர் அதிகாரி அனுமதியில்லாமல் போய்வந்தது வெளியே தெரிந்தது. இயந்திரங்கள் இருந்த அறை வேறு, அதன் சீல் அப்படியே இருந்தது. ஆனாலும் விவகாரம் உயர் நீதிமன்றம் போய், ஆட்சியரையே மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கதவைத் திறந்தவர் என்ன எடுத்தார் என்பதைவிட, யார் சொல்லித் திறந்தார் என்பதைத்தான் ஊர் பேசியது.

பணம் இன்னொரு ஓட்டை. திருமங்கலம் என்ற நல்ல ஊரின் பெயர் 2009 ஜனவரி 9 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஒரு ஃபார்முலாவின் பெயராகிவிட்டது. வாசலில் நாளிதழோடு பணக் கவர் வந்து விழுந்ததாக அப்போது பேச்சு, வாக்குப்பதிவு ஏறக்குறைய 89 சதவீதம். பிறகு 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று பணத்துக்காகவே தேர்தலை நிறுத்த வேண்டி வந்தது. சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. பணம் கொடுத்தாலும் ரத்து செய்ய அதேபோல ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் கேட்டது, அரசு ஏற்கவில்லை. அதற்குப் பதில் பறக்கும் படை இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குக் கேட்கும். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரியும் ஆட்டுச் சந்தைக்காரரும் மாட்டுவார்கள், கவர் மாட்டாது.

தேர்தல் சீர்திருத்தம் என்றதும் இயந்திரமும் பணமும் மட்டுமே நினைவுக்கு வருவது பட்டணத்துப் பார்வை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை பத்து வருடம் அங்கே முறையான தலைவர் கிடையாது. மனுப் போட விடமாட்டார்கள், போட்டு ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். மேலவளவில் ஜெயித்துப் பதவியேற்ற தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அங்கெல்லாம் பெட்டியும் சீலும் மையும் சரியாகத்தான் இருந்தன.

கடைசியாக வாக்காளர் பட்டியல். பீகாரில் 2025-ல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பெயரைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. அடுத்து தமிழ்நாடு. டிசம்பர் 19 அன்று வந்த வரைவில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று கணக்கு. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் செயலியையும் இணையதளத்தையும் காட்டினால், பட்டன் போன் வைத்திருப்பவர் எங்கே போவார்? எங்கள் தெருவில் வீடு வீடாக வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர், அங்கன்வாடி வேலை பார்ப்பவர், அச்சிட்ட தாளைக் கிளிப் போட்ட அட்டையில் வைத்திருந்தார். பூ கட்டும் அம்மா அவர் பின்னாலேயே வந்து, தாளை என் கையில் வாங்கிக் கொடுத்து, "நான் இருக்கேனான்னு பாருப்பா" என்றார். இருந்தார். வரிசை எண்ணைச் சொன்னேன். முழம் போடும்போது எண்ணுகிற மாதிரி அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே தன் கூடைக்குத் திரும்பிப் போனார்.